முதல் குஞ்சுகளை எங்கே வாங்குவது?



கோழி வளர்ப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கூட்டில் தொடங்கித் தீவனத்தில் முடிப்பார்கள். நாங்கள் அதற்கும் ஒரு படி முன்னே போய், குஞ்சு வாங்கும் இடத்தைப் பற்றி மட்டுமே எழுதுகின்றோம். காரணம் எளியது. நாங்கள் தவறியது அந்த இடத்தில்தான்.

செஞ்சிக்கு வடக்கே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது எங்கள் சிங்கவரம். பல்லவர் காலத்துக் குகைக் கோயிலையும், பாறையிலேயே செதுக்கப்பட்டுப் பள்ளிகொண்டிருக்கும் அரங்கநாதரையும் காண வெளியூரார் வருகின்றார்கள். ஊரில் இருக்கும் எங்களுக்கோ அது பாறையும் புதரும் வேர்க்கடலைக் கொல்லையும் சூழ்ந்த இடம். கீரிக்கும் பருந்துக்கும் குறைவில்லாத இடம். அவ்வூரிலிருந்து நம் பள்ளிக்கு வரும் மாணவியர் எழுவர் நாங்கள். எங்களுள் ஒருத்தியின் தாயார் மகளிர் குழுவில் 3,000 ரூபாய் கடன் பெற்று, புழக்கடையில் கோழி வளர்த்து, முட்டை விற்ற காசில் மகளின் பேருந்துச் செலவையும் புத்தகச் செலவையும் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தார். நாங்கள் அறுவரும் அவருக்குத் துணை நிற்பதாகச் சொன்னோம். அப்போது நாங்கள் பத்தாம் வகுப்பு.

ஆடி மாதத்தில் ஒரு நாள் ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று தெருவுக்கு வந்தது. “நாட்டுக்கோழிக் குஞ்சு, நாட்டுக்கோழிக் குஞ்சு” என்று கூவினார்கள். ஒரு குஞ்சு 30 ரூபாய். தேடிப் போக வேண்டியதில்லை. வீட்டு வாசலுக்கே வருகிறது. அத்தை 25 குஞ்சுகள் வாங்கினார். 750 ரூபாய் கொடுத்தார். மூன்றாம் நாள் இரண்டு சுருண்டன. ஐந்தாம் நாள் பல குஞ்சுகளின் பின்புறத்தில் சுண்ணாம்பு போல வெள்ளை எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தது. பத்தாம் நாள் எண்ணியபோது மூன்றே மூன்று மிஞ்சின. அவை வளர்ந்த பிறகு பார்த்தால் இரண்டு சேவல், ஒன்று பெட்டை. கணக்கில் கெட்டிக்காரியான எங்கள் தோழி, “ஒரு பெட்டைக்கு 750 ரூபாய்!” என்றாள். அத்தை சிரிக்கவில்லை.

அடுத்த வீட்டு ஆயா அன்று கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து. “தாய் யாருன்னே தெரியாத குஞ்ச ஏண்டி வாங்கினீங்க?” என்றார். ஏதோ கிராமத்துப் பேச்சு என்று நினைத்தோம். பின்னர் எங்கள் அறிவியல் ஆசிரியையிடமும் செஞ்சியில் கால்நடை மருத்துவரிடமும் கேட்டறிந்தபோது, ஆயா கேட்டது முழு விஞ்ஞானம் என்பது விளங்கிற்று.

குஞ்சுகள் ஏன் இவ்வளவு தொலைவு பயணம் செய்து நம் தெருவுக்கு வர முடிகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகின்றோம். முட்டைக்குள் 21 நாள் வளரும் குஞ்சு, வெளிவருமுன் எஞ்சிய மஞ்சள் கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தக் கட்டுச்சோற்றின் பலத்தில் இரண்டு மூன்று நாட்கள் தீனியும் நீரும் இன்றி அது உயிர் தாங்கும். தாய்க்கோழி மற்ற முட்டைகளும் பொரியும்வரை அடையை விட்டு எழாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. மனிதன் அதைப் பயணத்துக்குப் பயன்படுத்திக்கொண்டான். அமெரிக்காவில் 1918 முதல் ஒரு நாள் குஞ்சுகளை அஞ்சலிலேயே அனுப்ப அனுமதித்தார்கள். நம் நாட்டிலும் அட்டைப் பெட்டியில் துளையிட்டு ரயிலிலும் பேருந்திலும் குஞ்சு வருகிறது. ஆனால் உயிர் தாங்கும் என்பது வேறு, நலமாக இருக்கும் என்பது வேறு. இரண்டு நாள் வண்டியில் ஊரூராகச் சுற்றி, வெயிலும் காற்றும் பட்டு, கட்டுச்சோறு தீர்ந்துபோன குஞ்சு நம் கைக்கு வரும்போது பாதி உயிருடன்தான் வருகிறது. நாம் வைக்கும் தீவனத்தை எட்டிப் பார்க்கவும் அதற்குத் தெம்பு இராது.

இனி ஆயாவின் கேள்விக்கு வருவோம். தாய்க்கோழியின் உடலில் இருக்கும் சில நோய்கள் முட்டைக்குள்ளேயே புகுந்து குஞ்சுக்கு வந்துவிடுகின்றன. அவற்றுள் கொடியது புல்லோரம் என்னும் நுண்ணுயிர் நோய். வெள்ளையாகக் கழிந்து, பின்புறம் அடைத்து, முதல் இரண்டு மூன்று வாரங்களில் குஞ்சுகள் கொத்துக் கொத்தாக மடியும். பிழைத்தவை வெளித்தோற்றத்தில் நலமாக வளர்ந்து, தாமும் நோயுள்ள முட்டைகளை இடும். எங்கள் குஞ்சுகளுக்கு வந்தது இதுதான் என்று உறுதி கூற இறந்த குஞ்சைச் சோதித்திருக்க வேண்டும்; நாங்கள் அவற்றைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டோம். ஆனால் அறிகுறிகளைக் கேட்ட மருத்துவர் முதலில் சொன்ன பெயர் அதுவே.

இதற்குக் குஞ்சிடம் செய்யத்தக்கது மிகக் குறைவு. தாயிடம் செய்யத்தக்கது உண்டு. தாய்க்கோழியின் சிறகிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்து, சாயமேற்றிய சோதனை மருந்துடன் கண்ணாடிச் சில்லில் கலக்க வேண்டும். நோயிருந்தால் கலவை திரிதிரியாகத் திரளும். அத்தகைய கோழியை நீக்கிவிட்டு எஞ்சியவற்றின் முட்டையை மட்டுமே பொரிக்க வைப்பது நல்ல பண்ணையின் வழக்கம். அமெரிக்காவில் 1935-இல் இதற்கென்றே நாடு தழுவிய திட்டம் ஒன்றைத் தொடங்கி, பண்ணைக் கோழிகளிலிருந்து இந்நோயைப் பெரும்பாலும் ஒழித்தார்கள். எனவே குஞ்சு விற்பவரிடம் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி விலை அன்று. “தாய்க்கோழிகள் எங்கே இருக்கின்றன? இரத்தச் சோதனை செய்கின்றீர்களா?” என்பதே. தெருவில் வரும் வண்டிக்காரரால் இதற்கு விடை கூற இயலாது. அவர் பொய்யர் என்பதால் அன்று, அவருக்கும் தெரியாது. பல இடங்களில் கழித்துக் கட்டிய குஞ்சுகளைக் கூட்டி விற்பதே அவர் தொழில்.

கழித்துக் கட்டியவை என்றோமே, அவற்றின் கதையையும் கேளுங்கள். திருவிழாக்களில் பச்சை, ஊதா, இளஞ்சிவப்பு நிறங்களில் கூடை நிறையக் குஞ்சுகள் விற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம்மில் பலர் சிறுவயதில் அழுது அடம்பிடித்து வாங்கியிருப்போம். நாமக்கல் பக்கம் இலட்சக்கணக்கில் வளர்க்கப்படும் முட்டைக் கோழிகள் வெள்ளை லெக்கார்ன் வழி வந்தவை. (இத்தாலியில் உள்ள லிவோர்னோ துறைமுகத்தின் பெயரை ஆங்கிலேயர் உச்சரித்த விதம்தான் லெக்கார்ன்.) முட்டைக்காகவே உருவாக்கிய அந்த இனத்தில் சேவலுக்கு வேலையில்லை, முட்டை இடாது, சதையும் பிடிக்காது. ஆகவே பொரித்த அன்றே சிறகைப் பார்த்தோ கழிவாயைப் பார்த்தோ ஆண், பெண் பிரிக்கின்றார்கள். கழிவாயைப் பார்த்துப் பிரிக்கும் முறையை 1920-களில் ஜப்பானிய அறிஞர்கள் கண்டறிந்தனர். பெண் குஞ்சுகள் பண்ணைக்குப் போகின்றன. ஆண் குஞ்சுகளில் ஒரு பகுதி சாயத் தொட்டியில் முங்கி நம் ஊர்த் திருவிழாவுக்கு வருகிறது. இறைச்சிக் கோழிக் குஞ்சுகளில் நலிந்தவையும் உடன் வரும். அந்தக் கூடையில் பெட்டையைத் தேடுவது கூமுட்டையை அடை வைப்பது போலத்தான்.

அப்படியானால் எந்தக் கோழி வேண்டும், எங்கே வாங்குவது? நாங்கள் இதற்காகப் புரட்டாசியிலிருந்து மார்கழி வரை நான்கு மாதம் விசாரித்தோம்.

இனத்தை முடிவு செய்யாமல் இடத்தை முடிவு செய்ய இயலாது. நம் சிறுவிடை நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். குறைவுதான், ஆயினும் தானே அடை காக்கும், குஞ்சுகளைத் தானே மேய்க்கும், பருந்து நிழல் விழுந்ததும் குரல் கொடுத்துச் சிறகுக்குள் சேர்க்கும். நாமக்கல் கோழி 300 முட்டைக்கு மேல் இடும். ஆனால் கூண்டும் கலப்புத் தீவனமும் இன்றிப் புழக்கடையில் அந்தக் கணக்கு வராது. இவ்விரண்டுக்கும் நடுவே வீட்டு வளர்ப்புக்கென்றே உருவாக்கிய இனங்கள் உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தந்த நந்தனம் கோழி, ஐதராபாத்தில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா, பெங்களூரில் பிறந்த கிரிராஜா ஆகியவை பலரும் வளர்ப்பவை. நாட்டுக்கோழியைப் போல இரண்டு மடங்கு முட்டையை இவற்றிடம் எதிர்பார்க்கலாம். குறை ஒன்றுண்டு: இவை அடைக்கு உட்காருவது அரிது. ஆகவே இவற்றை மட்டுமே வாங்குபவர், கோழி முதிர்ந்ததும் மீண்டும் குஞ்சுக்காகக் கையேந்த வேண்டும்.

சந்தையில் “நாட்டுக்கோழி” என்ற சொல்லை நம்பிவிடாதீர்கள். பழுப்பும் கறுப்புமாக இருந்தாலே நாட்டுக்கோழி என்று விற்கின்றார்கள். ‘அசில் கிராஸ்’ என்று வியாபாரிகள் கூறுவது கறிக்காக விரைவில் எடை கூடும் கலப்பினம். முட்டைக்கு அதை நம்ப முடியாது. கருங்கோழி எனப்படும் கடக்நாத் மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதிக்கு உரியது. அதன் விலையும் புகழும் மிக உயர்ந்திருப்பதால், கருநிறக் கலப்பினங்களும் அப்பெயரில் உலவுகின்றன.

செஞ்சியில் வெள்ளிக்கிழமை கூடும் வாரச்சந்தையை நீங்கள் அறிவீர்கள். ஆட்டுக்குப் பெயர்போன சந்தை, கோழியும் வரும். வளர்ந்த கோழியைக் கறிக்கு வாங்க அது நல்ல இடம். முதல் மந்தைக்கு அது ஏற்றதன்று என்பது எங்கள் துணிபு. பத்து ஊர்க் கோழிகள் ஒரே கயிற்றில் தலைகீழாகத் தொங்கும் இடத்தில் பத்து ஊர் நோயும் ஒன்றுகூடும். கழிச்சல் கண்ட வீட்டார், மிஞ்சிய கோழியாவது காசாகட்டும் என்று சந்தைக்குக் கொண்டுவருவதும் உண்டு. 2006-இல் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பின், பல இடத்துப் பறவைகளைக் கலக்க வேண்டாம் என்று அதிகாரிகள் எச்சரிப்பதன் காரணமும் இதுவே.

விளம்பரத்தில் வரும் “குஞ்சு நாங்கள் தருகிறோம், வளர்த்துக் கொடுத்தால் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்” என்னும் பேச்சையும் ஆராய்ந்தோம். ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் ஈமுக் குஞ்சுகளைக் கொடுத்து இப்படிச் சொன்ன நிறுவனங்கள் 2012-இல் சரிந்தன. ஆயிரக்கணக்கானோர் முதலை இழந்து காவல் நிலையத்தில் வரிசையில் நின்றார்கள். திரும்ப வாங்கும் உறுதியை நம்பிக் குஞ்சுக்கு மிகை விலை கொடுக்காதீர்கள். நம் முட்டையை நம் தெருவிலேயே விற்க முடியுமா என்பதைப் பார்த்தாலே போதும். சிங்கவரத்தில் விற்க முடியும்.

எஞ்சிய வழிகள் இரண்டு. ஒன்று, தாய்க்கோழிகளைத் தாமே வளர்த்துப் பொரிக்கும் பண்ணை. மற்றது, ஆயா வீட்டுக் கூடை.

பண்ணையை எப்படிக் கண்டுபிடிப்பது? அரசுக் கால்நடை மருந்தகத்தில் கேட்பது முதல் வழி. திண்டிவனத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும், கால்நடைப் பல்கலைக்கழகத்தாரின் மாதவரம், காட்டுப்பாக்கம் வளாகங்களிலும் விசாரிக்கலாம். அவர்களிடமே குஞ்சு எப்போதும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். முன்பதிவு செய்து காத்திருக்க நேரும். காத்திருக்க வைக்கும் இடம் பெரும்பாலும் நல்ல இடம் என்பதையும் நாங்கள் கண்டுகொண்டோம். தாய்க்கோழி இடும் முட்டை எத்தனையோ அத்தனை குஞ்சுதானே உண்டு? கேட்டவுடன் ஆயிரம் தருபவர் எங்கிருந்து தருகிறார் என்று யோசிக்க வேண்டும்.

பண்ணைக்காரரிடம் இரத்தச் சோதனைக்கு அடுத்தபடி தடுப்பூசியைப் பற்றிக் கேளுங்கள். மேரக்ஸ் என்னும் நரம்பு நோய்க்கான ஊசியைப் பொரித்த அன்றே பொரிப்பகத்திலேயே போட வேண்டும். வீட்டுக்கு வந்தபின் போடுவதில் பயன் அரிது. வெள்ளைக் கழிச்சலுக்கான தடுப்பு மருந்து வேறு. ஊரெல்லாம் கோழிகளை ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போவது இந்நோய்தான். இதை இராணிக்கேத் நோய் என்றும் சொல்வர். இமயமலை அடிவாரத்து ஊர் ஒன்றின் பெயர் அது. இங்கிலாந்தில் 1926-இல் கண்டபோது நியூகாசில் என்று அவ்வூர்ப் பெயரை வைத்தார்கள். இதற்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காம் வாரத்தில் மீண்டும் ஒரு முறை, எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி. நம் பக்கத்து இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கிவரும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் இத்தடுப்பூசி தயாராகிறது. (இராணிப்பேட்டைக்கும் இராணிக்கேத்துக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே, எங்களுள் ஒருத்தி இரண்டையும் ஒன்றென்று எழுதி ஆசிரியையிடம் திட்டு வாங்கினாள்.)

ஒரு நாள் குஞ்சா, ஒரு மாதக் குஞ்சா என்பதும் இடத்தைப் போலவே முக்கியம். ஒரு நாள் குஞ்சு மலிவு. ஆனால் முதல் வாரம் 95 பாகை பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். வாரத்துக்கு 5 பாகையாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். விளக்கடியில் குஞ்சுகள் நெருக்கியடித்தால் குளிர்கிறது, விலகி ஓடி வாய் பிளந்தால் புழுங்குகிறது என்று பொருள். எங்கள் ஊரில் இரவு மின்சாரம் நின்றால் விளக்கும் நிற்கும். ஒரு மாதக் குஞ்சுக்கு இந்தக் கவலை தீர்ந்திருக்கும், முதல் இரு தடுப்பு மருந்தும் முடிந்திருக்கும், கொண்டையைப் பார்த்துப் பெட்டையா சேவலா என்று ஓரளவு ஊகிக்கவும் முடியும். விலை இரண்டு மூன்று மடங்கு. புதியவர்களுக்கு அந்த மிகை விலை தண்டமன்று.

ஆயா வீட்டுக் கூடை இவை எல்லாவற்றுக்கும் மூத்த பொரிப்பகம். நோயற்ற மந்தையுள்ள வீட்டில், சேவல் சேர்ந்த பெட்டையின் முட்டையை, இட்டு ஒரு வாரத்துக்குள் வாங்க வேண்டும். கடை முட்டை பொரியாது. கூண்டுக் கோழியிடம் சேவல் சேர்வதில்லை. கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பிப் பத்து முட்டை வைத்தார் ஆயா. ஓரத்தில் ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும் வைத்தார். இடி இடித்தால் முட்டை கெடாதாம். ஆணியைப் பற்றி எங்கள் ஆசிரியை புன்னகைத்தார், எடுக்கச் சொல்லவில்லை. ஏழாம் நாள் இருட்டில் டார்ச் விளக்கின் மேல் முட்டையை வைத்துப் பார்த்தோம். சிலந்தி போலச் சிவந்த நரம்பு ஓடினால் கரு கூடியிருக்கிறது. தெளிவாக இருந்தால் கூமுட்டை. இரண்டைத் தள்ளினோம்.

நாங்கள் முடிவு செய்தது இது: தை மாதத்தில், முன்பதிவு செய்த பண்ணை ஒன்றிலிருந்து, வீட்டு வளர்ப்புக்கான கலப்பினத்தில் ஒரு மாதக் குஞ்சுகள் 12, ஒன்று 120 ரூபாய் வீதம் 1,440 ரூபாய்க்கு. ஆயாவின் அடைக்கோழிக்குக் கீழே நாட்டு முட்டை 10, ஒன்று 12 ரூபாய் வீதம் 120 ரூபாய்க்கு. முதல் வகை முட்டைக்கு. இரண்டாம் வகை நாளைய அடைக்கு. தை மாதத்தைத் தேர்ந்ததற்குக் காரணம், மழை ஓய்ந்திருக்கும், கத்திரி வெயில் தொடங்க மாதங்கள் இருக்கும், கால்நடைத் துறையார் பிப்ரவரியில் நடத்தும் கழிச்சல் தடுப்பூசி முகாமும் வந்து சேரும்.

பண்ணைக்கு எங்களுள் மூவர் அத்தையுடன் சென்றோம். ஒவ்வொரு குஞ்சையும் கையில் எடுத்துப் பார்த்தோம். கண் தெளிவு, கால் பளபளப்பு, பின்புறத் தூய்மை, மார்பெலும்பின் நேர்மை. ஒரு நாள் குஞ்சாயின் தொப்புள் காய்ந்து மூடியிருப்பதையும் பார்க்க வேண்டும். கூட்டத்தில் ஒன்றிரண்டு தூங்கி விழுந்தால், நலமாக இருப்பவற்றையும் அன்று வாங்காமல் திரும்பிவிடுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். திரும்ப வேண்டிய தேவை வரவில்லை. விடியற்காலையில் புறப்பட்டு, துளையிட்ட பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். வந்ததும் முதலில் வெல்லம் கரைத்த நீர், ஒரு மணி நேரம் கழித்து உடைத்த கம்பு. மூன்று வாரம் அவற்றை ஆயாவின் கோழிகளுடன் சேர விடவில்லை. அத்தை தினமும் முதலில் குஞ்சுகளைப் பார்த்துவிட்டே மற்ற கோழிகளிடம் போவார். கால் கழுவாமல் எங்களை உள்ளே விடமாட்டார்.

பன்னிரண்டில் ஒன்றைக் கீரி கொண்டுபோயிற்று. எட்டு முட்டைகளும் பொரிந்தன. அவற்றுள் ஆறு பிழைத்தன. ஆடி கடைசியில் கலப்பினப் பெட்டைகள் முட்டையிடத் தொடங்கின. குழுக்கடனில் இரண்டு தவணை பாக்கி. இதை எழுதும் இந்த மார்கழியில் ஆயா வீட்டுக் கூடையில் பொரித்த பெட்டைகளுள் கழுத்தில் சிவப்புள்ள ஒன்று மூன்று நாளாகச் சிறகை விரித்து, யாரைக் கண்டாலும் ‘கொர்’ரென்று சீறி, கூடையை விட்டு இறங்க மறுக்கிறது. அத்தை அதற்குப் பத்து முட்டை பொறுக்கி வைத்திருக்கிறார். அவற்றில் பொரியும் குஞ்சுகளுக்கு எதிர் வீட்டுப் பெரியம்மாவும் மேல்தெரு அக்காவும் இப்போதே சொல்லி வைத்துவிட்டார்கள். இருவரும் முதலில் கேட்டது, “தாய் எது, காட்டு” என்பதுதான்.